கட்டை விரல் காட்டியவள்

"பாத்தீகளா நர்சம்மா? உங்க கண்ணு முன்னாடியே காட்டுறா!"

மீரா நாச்சியா உம்மா இப்படிக் கத்தியபோது, நான் அவருடைய மருமகள் சலேகாவின் வயிற்றில் கை வைத்து, குழந்தையின் தலை எந்தப் பக்கம் இருக்கிறது என்று தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு அப்போது ஏழாம் மாதம். கீழக்கரையில் கடலை ஒட்டிய தெருவில், கடற்கல் சுவர் வைத்த பழைய வீடு. ஜன்னல் வழியே கருவாட்டு வாசனையும் உப்புக் காற்றும் வந்துகொண்டிருந்தன.

ஆரம்பித்து வைத்தது நான்தான். "உனக்குச் சோறு தண்ணியெல்லாம் யாரு பாக்குறா?" என்று வாயாலும் கையாலும் கேட்டேன். சலேகாவுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் கேள்வி புரிந்துவிட்டது. சிரித்துக்கொண்டே வலது கையை நீட்டினாள். நாலு விரலையும் உள்ளே மடக்கி, கட்டை விரலை மட்டும் எதிரே நின்ற மாமியார் பக்கம் காட்டினாள்.

எங்கள் பக்கம் அப்படிக் காட்டினால் என்ன அர்த்தம் என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைக் கேளுங்கள். 'உனக்குப் பெப்பே' என்பார்கள். அதே விரலை வாய்ப்பக்கம் கொண்டுபோனால் கள்ளுக்கடைக்குப் போகிறான் என்று அர்த்தம். நல்லதாக ஒன்றும் கிடையாது.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "என்னம்மா இது? பெரியவுகளைப் பாத்து இப்பிடியா காட்டுறது?" என்று சொல்லி, அவள் கட்டை விரலைப் பிடித்து அமுக்கி உள்ளங்கைக்குள் மடக்கிவிட்டேன்.

அவள் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே காய்ந்துபோனது. என் விரல்களுக்குள் அந்தச் சின்ன விரல் ஒரு கணம் எதிர்த்து நின்று, பிறகு மடங்கியதை இப்போது எழுதும்போதும் உணர்கிறேன்.

வாய் நீளம்

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. சிக்கல் பக்கத்து விவசாயக் குடும்பம். மதுரையில் மிட்வைஃப் படிப்பு முடித்து, முதல் வேலைக்குக் கீழக்கரைக்கு வந்திருந்தேன். அணா போய் நயா பைசா வந்த புதிது. கடைக்காரரும் நானும் ஒரு கட்டி சோப்பு வாங்கக் கால் மணி நேரம் கணக்குப் போடுவோம்.

கையில் தொழில் இருந்தது. வாயும் கொஞ்சம் நீளம். "கையி பேசறதுக்கு முன்னாடி வாயி பேசிருது ஒனக்கு" என்று என் ஆத்தா சொல்வாள். அன்று கையும் சேர்ந்து பேசிவிட்டது.

கைச்சாடை ஊருக்கு ஊர் மாறும் என்பது எனக்குத் தெரியாத விஷயமா என்றால், அதுவும் இல்லை. அதுதான் வெட்கக்கேடு.

நான் படித்த ஆஸ்பத்திரியில் ஒரு வெள்ளைக்கார டாக்டரம்மா இருந்தார். ஒருநாள் பிரசவ வார்டில் அவசரம். டாக்டரம்மா தூரத்தில் வேப்பமரத்தடியில் நின்றார். நான் வாசலில் நின்று கையாட்டிக் கூப்பிட்டேன். நாம் எப்படிக் கூப்பிடுவோம்? உள்ளங்கை தரையைப் பார்க்க, விரல்களை நம் பக்கம் இழுப்போம். டாக்டரம்மா இரண்டடி பின்னால் போனார். நான் இன்னும் வேகமாக ஆட்டினேன். அவர் மரத்துக்குப் பின்னாலேயே போய்விட்டார். அவர்கள் ஊரில் அது 'தள்ளிப் போ' என்பதாம். வார்டில் பாம்பு புகுந்துவிட்டது என்று நினைத்தாராம்.

அவர் எங்களைக் கூப்பிடும் விதம் வேறு. உள்ளங்கையை மேலே திருப்பி ஒற்றை விரலைக் கொக்கிபோல வளைப்பார். எங்களில் பாதிப் பேருக்கு ரோஷம் வந்துவிடும். ஆட்டுக்குட்டியைக்கூட நாங்கள் அப்படிக் கூப்பிடுவதில்லை.

கை குலுக்கும் வழக்கம் எப்படி வந்தது என்று அவர் ஒருமுறை சொன்னார். 'என் கையில் கத்தி இல்லை, பார்த்துக்கொள்' என்று காட்டத்தான் அந்தக் காலத்தில் கையை நீட்டினார்களாம். "நாங்க ரெண்டு கையையும் சேத்துக் கும்பிடுறமே, அப்ப எங்ககிட்ட ரெண்டு கத்தி இருந்துச்சா?" என்று கேட்டேன். அன்று முழுக்க என்னைப் பெட்பேன் கழுவ விட்டார்.

இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. என் அய்யா மாட்டுச் சந்தைக்குப் போனால், தரகரும் அவரும் கையின் மேல் துண்டைப் போட்டு மூடி, உள்ளே விரலைப் பிடித்துத்தான் விலை பேசுவார்கள். கீழக்கரைக்கு வந்த பிறகு, பழைய முத்து வியாபாரக் குடும்பத்துப் பெண் ஒருத்தி சொன்னாள், அவள் வீட்டுப் பெரியவர்களும் அரபு நாட்டு வியாபாரிகளோடு அப்படித்தான் துணிக்குள் விரல் பிடித்துப் பேசினார்களாம். மாட்டுக்கும் முத்துக்கும் ஒரே விரல். யார் யாரிடமிருந்து கற்றார்கள் என்று எனக்குத் தெரியாது. ஒருவேளை விலையை ஒளிக்கவேண்டிய எல்லா ஊரிலும் தானாகவே முளைத்திருக்கும்.

இத்தனையும் தெரிந்தவள்தான் ஒரு கர்ப்பிணியின் விரலைப் பிடித்து மடக்கினேன்.

மருமகள் இல்லாத ஊர்

சலேகா அந்த வீட்டுக்கு எப்படி வந்தாள் என்று சொல்லவேண்டும். அதற்கு முன்னால் அந்த ஊர் வழக்கம் ஒன்றையும் சொல்லவேண்டும்.

கீழக்கரை முஸ்லிம் குடும்பங்களில் வீடு பெண்ணுக்கு. கல்யாணம் ஆனாலும் பெண் தாய்வீட்டிலேயே இருப்பாள். மாப்பிள்ளைதான் அங்கே வந்துபோவார். மாமியார் மருமகள் சண்டையில் எங்கள் சிக்கல் பக்கம் தெருவே அதிரும். இங்கே சண்டை போட ஒரே கூரை வேண்டுமே!

மீரா நாச்சியா உம்மாவுக்கு இரண்டு மகன்கள். மகள் இல்லை. மூத்தவர் ஊர் வழக்கப்படி அடுத்த தெருவில் பெண்டாட்டி வீட்டோடு போய்விட்டார். இளையவர் நெய்னா, பினாங்கில் ஒரு மளிகைக் கடையில் வேலை பார்த்தார். அங்கேயே தாய் தகப்பன் இல்லாத ஒரு மலாய்க்காரப் பெண்ணை நிக்காஹ் செய்துகொண்டார். அவள்தான் சலேகா. அவள் நாலு மாதம் முழுகாமல் இருந்தபோது, பிள்ளைப்பேறுக்குத் துணை வேண்டும் என்று கப்பலில் கூட்டிவந்து அம்மாவிடம் விட்டுவிட்டு, பதினைந்தே நாளில் திரும்பிப் போய்விட்டார். கடை முதலாளி அதற்கு மேல் லீவு கொடுக்கவில்லை.

ஆக, தாய்வீடு இல்லாத ஒரு பெண், மருமகளை வீட்டில் வைத்துப் பழக்கமில்லாத ஒரு மாமியார். நடுவில் பாஷையும் கிடையாது. தொழுகைக்கு இருவருக்கும் ஒரே பாஷை. உப்புக்கும் புளிக்கும்தான் பாஷை இல்லை.

முதல் நாளே கோணல். சலேகா வாசலில் நின்று, உம்மாவின் கையைத் தன் இரண்டு கைகளாலும் மெல்லத் தொட்டுவிட்டு, அந்தக் கைகளைத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டாளாம்.

"என்னத் தொட்டதும் கையச் சட்டையில தொடச்சுக்கிட்டா நர்சம்மா! எங்கையி என்ன, மீன் அரிஞ்ச கையா?" என்று உம்மா என்னிடம் குமுறினார்.

அந்தக் குமுறலுக்கு மேல்தான் இந்தக் கட்டை விரல் வந்து சேர்ந்தது. எரிகிற நெருப்பில் எண்ணெய் வார்த்தது நான்.

அடுத்த மாதம் நான் போனபோது உம்மா நிதானமாக இருந்தார். அந்த நிதானம் எனக்குப் பிடிக்கவில்லை.

"மகனுக்குக் கடுதாசி எழுதிப் போட்டாச்சு. பிள்ளை பொறந்து நாப்பது கழியட்டும். பிள்ளை இங்கன என்கிட்ட இருக்கட்டும். அவ கப்பலேறிப் போகட்டும். வந்து கூட்டிட்டுப் போன்னு எழுதச் சொல்லிட்டேன்."

"உம்மா! பால்குடிப் பிள்ளைய விட்டுட்டு எப்பிடிப் போவா?"

"மரியாதை தெரியாதவ கையில என் பேரப்பிள்ளை வளர வேண்டாம். அவ என்ன செஞ்சான்னு எழுத எனக்கு நாக்கு கூசுச்சு. மரியாதை இல்ல, நர்சம்மாவும் பாத்து மனசு நொந்தாகன்னு மட்டும் எழுதச் சொன்னேன்."

ஒரு தாயையும் பிள்ளையையும் பிரிக்கும் கடிதத்தில் நான் சாட்சி. பிரசவம் பார்க்க வந்தவள் செய்கிற காரியமா இது?

ஆடு காட்டிய வழி

அன்றே, அந்த வீட்டிலேயே, ஓர் ஆடுதான் எனக்குக் கண்ணைத் திறந்தது.

முற்றத்தில் கட்டியிருந்த வெள்ளாடு கயிற்றை அவிழ்த்துக்கொண்டு வந்து, என் பைக்குள் தலையை விட்டுப் பஞ்சுச் சுருளை மென்றுகொண்டிருந்தது. நான் கவனிக்கவில்லை. சலேகா பதறி, என்னவோ கூவி, ஆட்டை நோக்கிக் கையை நீட்டினாள். ஆள்காட்டி விரல்! நம்மைப் போலவே நீட்டி, ஆட்டிக் காட்டினாள்.

பஞ்சை ஆட்டின் வாயிலிருந்து பிடுங்கிக்கொண்டே யோசித்தேன். இவளுக்கு ஆள்காட்டி விரலால் காட்டத் தெரிந்திருக்கிறது. பிறகு ஏன் மாமியாருக்குக் கட்டை விரல்?

சோதித்துப் பார்த்தேன். வாளி எங்கே என்று கேட்டேன். ஆள்காட்டி விரல். விளக்குமாறு? அதற்கும் அதே விரல். சுவரில் உம்மாவின் மறைந்த கணவருடைய தொழுகைப் பாய் சுருட்டி மாட்டியிருந்தது. அது என்ன என்று சாடையில் கேட்டேன். சலேகா சேலை முந்தானையைத் தலையில் சரிசெய்துகொண்டாள். நாலு விரலை மடக்கினாள். இடது கையால் வலது மணிக்கட்டைத் தாங்கிக்கொண்டு, கொஞ்சம் குனிந்து, கட்டை விரலால் காட்டினாள். ரிஹால் என்ற மரத் தாங்கியில் இருந்த குர்ஆனுக்கும் அப்படியே.

கடைசியாக, நான் யார் என்று என் நெஞ்சைத் தட்டிக் கேட்டேன். கட்டை விரல். போன மாதம் அதே விரலை அமுக்கி மடக்கியவளுக்குத்தான் அவள் அதே மரியாதையைக் காட்டினாள்.

அடுப்படியில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த உம்மாவிடம் ஓடினேன். "உம்மா, நாந்தான் தப்புப் பண்ணிட்டேன். ஆட்டுக்கும் வாளிக்கும் ஒரு வெரலு வச்சிருக்கா. பெரியவுகளுக்கு வேற வெரலு. உங்களுக்குக் காட்டுனது மரியாதை உம்மா."

"கதை கட்டாதீக."

"நீங்களே கேட்டுப் பாருங்க."

உம்மா கீரையைப் போட்டுவிட்டு எழுந்தார். சலேகாவின் முன்னால் போய் நின்று, ஒரே ஒரு வார்த்தை கேட்டார். "கிப்லா?"

அது இருவருக்கும் தெரிந்த வார்த்தை. மக்காவின் திசை. சலேகா மேற்கே திரும்பினாள். தலை தாழ்ந்தது. நாலு விரல் மடங்கியது. கட்டை விரல் மேற்கைக் காட்டியது.

உம்மா அந்த விரலையே பார்த்துக்கொண்டு நின்றார். கையில் ஒட்டியிருந்த கீரை ஒன்று கீழே விழுந்தது.

"கிப்லாவுக்குக் காட்டுன வெரலையா எனக்கும் காட்டுனா?"

"ஆமா உம்மா."

"யா அல்லா! நான் என்னத்த எழுதிப்புட்டேன்."

முதல் நாள் நெஞ்சில் கை வைத்ததும் துடைத்ததல்ல, மரியாதைதான் என்று அவருக்கு அப்போதே புரிந்துவிட்டது. உள்ளே போய், டப்பாவில் இருந்த தொதலை ஒரு துண்டு வெட்டிக் கொண்டுவந்து சலேகாவின் வாயில் ஊட்டினார். கருப்பாக, நெய் மினுங்க இருக்கும் கீழக்கரைத் தொதல். சலேகா கண்ணை மூடிக்கொண்டு தின்றாள். அவள் ஊரிலும் அந்தப் பலகாரம் உண்டு. எந்தக் காலத்திலோ கப்பலேறி வந்தது. அது வந்ததற்கு இங்கே யாரும் சண்டை போடவில்லை.

"இன்னொரு கடுதாசி போடுவமா உம்மா? நானே எழுதுறேன்," என்றேன்.

"அவன் இந்நேரம் கப்பல் டிக்கெட்டுக்கு எழுதி வச்சிருப்பான். வேணாம்னு எழுதுனா வராமலே இருந்துருவான். வரட்டும், நேருல சொல்லிக்கிறேன்." என்ன சொல்வார் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அப்போது அவருக்குத் தெரிந்திருக்காது.

சூடான கஞ்சி

நடுவில் நோன்பு மாதம் வந்துபோனது. மாலையில் நோன்பு திறந்ததும் மாமியாரும் மருமகளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சி குடிப்பார்கள். சலேகா அவசரக்காரி. நாக்கைச் சுட்டுக்கொள்வாள். உம்மா கிண்ணத்தைப் பிடித்து ஊதிக் காட்டுவார். இதை உம்மாவே என்னிடம் சிரித்துக்கொண்டு சொன்னார்.

பெருநாள் முடிந்து சில நாளில் வலி கண்டது. மதியத் தொழுகைக்கு லுஹர் பாங்கு சொல்லி முடித்த நேரம். வெயில் முற்றத்தில் நின்று எரிந்தது.

எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. தலை வெளியே வந்ததும் பார்த்தேன், கொடி கழுத்தைச் சுற்றியிருந்தது. விரலை விட்டுக் கொடியை எடுத்துவிடலாம். அதுவரை தாய் முக்கக் கூடாது. "முக்காதே, முக்காதே!" என்று கத்தினேன். புரியவில்லை. ஒரு கையால் குழந்தையைத் தாங்கிக்கொண்டு, மற்றக் கையை அவள் முகத்துக்கு நேரே நிறுத்தி, 'நில்' என்று காட்டினேன்.

அவள் என்ன நினைத்தாளோ, அந்தக் கையை எட்டிப் பிடித்து, விரல்களைக் கோத்துக்கொண்டு, இன்னும் பலமாக முக்கினாள். தைரியம் சொல்லக் கை கொடுக்கிறேன் என்று நினைத்திருக்கவேண்டும். என் இரண்டு கையும் மாட்டிக்கொண்டது.

"உம்மா, முக்க வேண்டாம்னு சொல்லுங்க! எப்பிடியாவது சொல்லுங்க!"

உம்மா சலேகாவின் தலைமாட்டில் இருந்தார். சட்டென்று முன்னால் குனிந்தார். இரண்டு கைகளையும் குழித்துக் கிண்ணமாக்கி, அவள் வாய்க்கு நேரே பிடித்தார். "கஞ்சி! சூடு!" என்று சொல்லி, அந்த வெறுங்கைக்குள் ஊ ஊ ஊ என்று ஊதினார்.

சலேகா அந்தக் கிண்ணத்தைப் பார்த்தாள். அவளும் ஊதினாள். ஊதுகிறவளால் முக்க முடியாது. என் கை தளர்ந்து விடுபட்டது. விரலை விட்டுக் கொடியைத் தலைக்கு மேலாக எடுத்துவிட்டேன். அவர்கள் இருவரும் இல்லாத கஞ்சியை ஆற்றிக்கொண்டே இருந்தார்கள்.

பெண் குழந்தை. கொஞ்சம் நீலம் பாரித்திருந்தது. முதுகைத் தேய்த்ததும் வீடு அதிர அழுதது.

மகள் பெறாத உம்மா, சலேகாவின் முகத்தை இரண்டு கையாலும் வழித்துத் தன் நெற்றிப்பொட்டில் வைத்துப் படபடவென்று நெட்டி முறித்தார். சலேகா பயந்துபோனாள். பெண் பிறந்ததற்கு மாமியார் தலையில் அடித்துக்கொள்கிறார் என்று நினைத்துக் கண் கலங்கிவிட்டாள். உம்மா அவசரமாகக் குழந்தையை எடுத்து முத்தமிட்டு, அவளுக்கும் ஒரு முத்தம் கொடுத்த பிறகுதான் சலேகாவின் பயம் அடங்கியது.

நாற்பதாம் நாள்

நாற்பதாம் நாள் குழந்தையை எடை பார்க்க நான் போனபோது, கூடத்தில் நெய்னா உட்கார்ந்திருந்தார். கொஞ்சம் முன்னால்தான் வந்து இறங்கியிருந்தார். உம்மா தொழுது முடிப்பதற்குள் அவர் கயிறு போட்டுக் கட்டிய சலேகாவின் தகரப் பெட்டி பக்கத்தில் இருந்தது. சட்டைப் பையில் கடிதம் துருத்திக்கொண்டு நின்றது.

சலேகா குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு உள்வாசலில் நின்றாள். யாரும் அவளுக்கு எதுவும் சொல்லியிருக்கவில்லை. ஆனால் கட்டிய பெட்டி எந்த ஊரிலும் கட்டிய பெட்டிதானே? குழந்தையின் தலையை முகர்ந்துகொண்டே இருந்தாள்.

"உம்மா, நீங்க எழுதுனபடிக்கு வந்துட்டேன்," என்றார் நெய்னா. அவர் அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. "ரெண்டு டிக்கெட் எடுத்திருக்கேன். உங்க மனச நோகடிச்சவள இங்கன விட்டு வைக்கல. பிள்ளை..." பெட்டிக் கயிற்றை இன்னொரு முறை இறுக்கினார்.

நான் வாயைத் திறந்தேன். உம்மா என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

உம்மா எழுந்தார். முந்தானையைத் தலையில் இழுத்து விட்டுக்கொண்டார். வலது கையின் நாலு விரலையும் மடக்கினார். வயதான விரல்கள், மெதுவாகத்தான் மடங்கின. இடது கையால் மணிக்கட்டைத் தாங்கி, கொஞ்சம் குனிந்து, உள்வாசலில் நின்ற சலேகாவைக் கட்டை விரலால் காட்டினார்.

நெய்னா பினாங்கில் பத்து வருஷம் இருந்தவர். அந்தச் சாடை அவருக்குத் தெரியும். பெரியவர்களுக்குச் சின்னவர்கள் செய்வது அது. இங்கே ஒரு பெரியவள் சின்னவளுக்குச் செய்துகொண்டு நின்றாள்.

"உம்மா, இத உங்களுக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"

"அவதான். அவ எப்பவோ காட்டிட்டா. எனக்குத்தான் வெளங்கல." "நம்ம ஊருல மருமக எங்கடா மாமியா வீட்டுல இருக்கா? இந்த வீட்டுல இருக்கறவ மக. வீடு மகளுக்கு. அவளுக்குப் பொறகு இந்தக் குட்டிக்கு. பெட்டிய அவுரு. நீ மாப்பிள்ளையா வந்துட்டுப் போ."

நெய்னா பெட்டியின் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார். கண்ணீரில் முடிச்சு தெரியவில்லை. நான்தான் என் பையிலிருந்து கத்திரியை எடுத்துக் கொடுத்தேன். நானும் அழுதேன். எதற்கு மறைக்கவேண்டும்?

உம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, என் பக்கம் ஆள்காட்டி விரலை நீட்டி, "இவுகளுக்குத் தேத்தண்ணி கொண்டா தாயி" என்று சலேகாவிடம் சொன்னார்.

நான் அந்த விரலைப் பார்த்தேன். ஆட்டுக்கும் விளக்குமாற்றுக்கும் உள்ள விரல். எனக்கு அது தகும் என்றுதான் நினைத்தேன்.

சலேகாவும் பார்த்தாள். 'ச்சு, ச்சு' என்றபடி வந்தாள். குழந்தையை ஒரு தோளில் சாய்த்துக்கொண்டு, உம்மாவின் ஆள்காட்டி விரலை மெதுவாக மடக்கினாள். மடங்கிக் கிடந்த கட்டை விரலை நிமிர்த்தினாள். பிறகு அந்தக் கையைப் பிடித்து என் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

அன்றைய தேத்தண்ணியில் சீனி தூக்கல். இரண்டு டம்ளர் குடித்தேன்.